வேதசிரோமணி சாரின் பயண ஜெபம்

வளைகுடாவுக்குப் போகும் ஒரு விமானம் பாதிப் பயணிகளை வரிசையிலேயே விட்டுவிட்டுப் பறந்துபோய்விட்டதாம். எனக்கு இதைச் சொன்னது ஊரிலிருக்கும் என் சிநேகிதி ஜென்சி. அவளுக்குச் சொன்னது எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஃபிரெடி. ஃபிரெடிக்கு அவனுடைய சகலை, சகலைக்கு ஏர்போர்ட்டுக்குள் காபிக் கடையில் நிற்கும் யாரோ. சேலையூரிலிருந்து நான் இருக்கும் டப்ளினுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பயணிகள் முக்கால்வாசிப் பயணிகளாகி, அதில் ஒரு கர்ப்பிணியும் சேர்ந்திருந்தாள். நான் உடனே ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டைத் திறந்து, திரும்பி வரும் தேதியைப் பார்த்தேன். நான் இன்னும் ஊருக்கே கிளம்பியிருக்கவில்லை.

வதந்தியில் எவ்வளவு உண்மை என்று தெரியாது. கூட்டம் மட்டும் உண்மை. நான் முதல்முதலாக வெளிநாடு போனபோது போகிறவள் ஒருத்தி, வழியனுப்ப வந்தவர்கள் ஒரு வேன் நிறைய. இப்போது போகிறவர்களே வேன் வேனாக வருகிறார்கள். கூட்டம் என்று கேள்விப்பட்டு எல்லாரும் முன்னதாகக் கிளம்புகிறார்கள். எல்லாரும் முன்னதாக வந்து நிற்பதால் கூட்டம் இன்னும் பெருகுகிறது. அதைக் கேள்விப்பட்டு அடுத்த வாரம் போகிறவர்கள் அதற்கும் முன்னதாகக் கிளம்புகிறார்கள். இதில் என் பங்கும் உண்டு. விமானம் புறப்பட ஐந்து மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய் உட்கார்ந்து, மற்றவர்கள் உட்கார வேண்டிய நாற்காலியை அடைத்துக்கொள்கிறவள் நான்.

ஆனால் எங்கள் காலனி இந்தச் செய்தியைக் கேட்டு ரொம்பப் பதறவில்லை. காரணம் வேதசிரோமணி சார். வதந்தி வந்த வாரமே அவர் தன்னுடைய பயண ஜெபத்தில் வாசல் வரிசைக்கென்று புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டார் என்று ஜென்சி சொன்னாள்.

சார் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். விமானத்தில் ஏறியதில்லை. எண்பதுகளின் கடைசியில் அவர் மனைவி மெட்டில்டா ஆன்ட்டியின் தம்பி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது, ஆயர் வெளியூரில் இருந்ததால், வழியனுப்பும் ஜெபத்தைச் சார் செய்தார். அந்த விமானம் அரைமணி நேரம் பறந்துவிட்டு, என்ஜினில் ஏதோ கோளாறு என்று திரும்பி வந்து இறங்கியது. வேறு ஊராக இருந்தால் அதோடு சாரை விட்டிருப்பார்கள். எங்கள் சபையில், "சார் மட்டும் ஜெபிக்காம இருந்திருந்தா அது என்ன ஆயிருக்கும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட், விசா, சாரின் ஜெபம் என்று மூன்று காரியங்கள் ஆயின. எங்கள் தெருவை இப்படிக் காலி செய்ததில் விசா அதிகாரிகளுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான்.

பூகோள வாத்தியாரின் ஜெபம் பூகோளப்படிதான் போகும். பயணியின் பெயரில் ஆரம்பித்து, பெட்டிகளுக்கு வந்து, பெட்டிகளை ஏற்றுகிறவர்கள், பெட்ரோல் போடுகிறவர்கள், விமானி, துணை விமானி, சாப்பாடு பரிமாறும் பெண்கள் என்று ஒவ்வொருவராக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து, பிறகு மேலே எழும்பும். அரபிக்கடல், ஓமான், பாரசீக வளைகுடா என்று போகிற வழியெல்லாம் பாதுகாப்புக் கேட்பார். எங்காவது சண்டை வந்து வான்வழியை மூடினால் செய்தித்தாளைப் பார்த்து ஜெபத்தின் வழியை மாற்றிக்கொள்வார். குடியேற்ற அதிகாரியின் கண்களில் தயவு கிடைக்க வேண்டும் என்பதற்குத் தனியாகக் கொஞ்ச நேரம். ஏர்போர்ட்டில் கூட்டம் ஏற ஏற, ஜெபத்தில் தரையில் கழியும் பகுதியும் நீண்டது. வாசலில் முகத்தைக் காட்டும் கேமரா, தள்ளுவண்டி கிடைப்பது, பெட்டி போடும் வரிசை, பெல்ட்டைக் கழற்றும் வரிசை. எல்லாவற்றுக்கும் தடை நீங்கும்படி கேட்க வேண்டியிருந்தது. ஆக, சீக்கிரம் கிளம்ப வேண்டிய காலம் வந்தபோது ஜெபம் முடியவே நேரமானது. கண்ணை மூடியிருக்கும் ஒருவரை "போதும் சார்" என்று சொல்லி நிறுத்தும் துணிச்சல் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. வாசலில் கார் உறுமும், உள்ளே துணை விமானி இன்னும் ஒப்புக்கொடுக்கப்பட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த வீட்டு சாவித்ரி மாமியும் சூர்யநாராயணன் மாமாவும்கூட, அவர்கள் மகள் மிருதுளா அமெரிக்கா போனபோது குன்றத்தூர் மலையேறி அர்ச்சனை செய்துவிட்டு, நேராகச் சார் வீட்டுக்குத்தான் வந்தார்கள். "ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சுட்டா நிம்மதி சார்," என்றாராம் மாமா. சார் ஜெபித்தார். மிருதுளா ஓடிப்போய்க் கடைசி ஆளாக ஏறினாள். அதையும் சாரின் கணக்கில்தான் எழுதினார்கள்.

கணக்கில் ஏறாமல் இருந்தது அவருடைய சொந்த மகன் மட்டும். ஷெர்வின் காட்டாங்குளத்தூரில் படித்தான், பெருங்குடியில் வேலை பார்த்தான், முப்பத்திரண்டு வயது வரை ஊரிலேயே இருந்தான். சபையில் யாரும் குறையாகச் சொல்லவில்லை, அக்கறையோடு விசாரித்தார்கள். "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஏத்தி விட்டீங்க, தம்பிக்கு எப்ப சார்?" என்று ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் கேட்பார்கள். அதிகமாக அக்கறைப்பட்டவர் சபைச் செயலாளர் அசரியா. இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் செயலாளர் தேர்தலில் சார் அவரிடம் தோற்றிருந்தார்.

ஒருவழியாக ஷெர்வினுக்குக் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி வந்தது. மூன்று வருஷ அலைச்சல். அனுமதியில் ஒரு கடைசி நாள் போட்டிருந்தது. அதற்குள் அந்த மண்ணில் கால் வைக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இடையில் தங்கை ஜெரூஷாவின் கல்யாணம் குறுக்கே வந்தது. அண்ணன் இல்லாமல் கல்யாணமா என்று நிறுத்தி வைத்தார்கள். கல்யாணம் முடிந்து டிக்கெட் தேடினால், எல்லா விமானமும் நிரம்பி வழிந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதை விட்டால் வேறு இல்லை. நான் ஊரில் இருந்த நேரம் அது.

"நீங்களும் கூட வாங்கக்கா," என்று ஷெர்வின் முந்தின நாளே என்னிடம் சொன்னான். "ஏர்போர்ட் பழக்கம் இருக்கறவங்க பக்கத்துல இருந்தா அப்பா கொஞ்சம் அடங்குவாரு."

சனிக்கிழமை விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டிரைவர் ராஜகோபால் வாசலில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பழம் சாவித்ரி மாமியின் உபயம். சார் அதைப் பார்க்காதது போல முருங்கை மரத்தைப் பார்த்தார்.

உள்ளே ஷெர்வின் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இன்னைக்கு ரெண்டே நிமிஷம். நான் போனதுக்கப்புறம் சாயந்திரம் வரைக்கும் ஜெபிங்க, நான் கேக்கவே மாட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம்."

"என்னடா இது, ஆண்டவருக்கே டைம் லிமிட்டா?"

"ஆண்டவருக்கு இல்ல, உங்களுக்கு," என்றார் மெட்டில்டா ஆன்ட்டி சமையலறையிலிருந்து.

சார் மனம் புண்படவில்லை. அவருக்கும் பயம் இருந்தது. "சரிடா. சொன்னா சொன்னதுதான்," என்றார்.

கிளம்பப் போகிற நேரத்தில் அசரியா வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். "தம்பிய வழியனுப்பாம இருக்க முடியுமா?" என்று முன் சோபாவில் நடுவாக உட்கார்ந்தார். எல்லாரும் தலை குனிந்தோம். சார் கண்ணை மூடி, மகன் பெயரைச் சொன்னார், பிரயாணத்தை ஒப்புக்கொடுத்தார், போய்ச் சேரும் இடத்தில் கரம் பிடித்து நடத்தச் சொன்னார், ஆமென் என்றார். அவ்வளவுதான். விமானி இல்லை, ஓமான் இல்லை, ஒரு கடல்கூட இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறார் என்று அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள். ஜெரூஷாவின் புது மாப்பிள்ளை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக மூடிக்கொண்டான். நான் நிமிர்ந்து பார்த்தபோது சாரின் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. விருந்தாளிக்கு வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறவரின் கூச்சம். அவர் பார்வை சோபாவில் தலை குனிந்திருந்த அசரியாவின் மேல் விழுந்தது. வீடு தேடி வந்த மூத்தவரை ஜெபிக்கச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. சொல்லத்தான் வேண்டும், அவர் வேண்டாம் என்று மறுப்பதும் இல்லை.

ஷெர்வின் தலையை அசைத்தான். வேண்டாம் என்று கையால் காட்டினான். ஆனால் வாய் பழகிவிட்டது.

"அசரியா அண்ணன் ஒரே ஒரு வார்த்தை ஜெபிப்பாங்க," என்றார் சார்.

அசரியா அண்ணன் எழுந்து நின்றார். உட்கார்ந்து ஜெபிக்கிறவர் சீக்கிரம் முடிப்பார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் போயிற்று.

"கிருபையுள்ள பிதாவே," என்று தொடங்கினார். "எங்கள் அருமைச் சகோதரன், மகனைப் பிரிகிற துக்கத்திலே, சொல்ல மறந்துபோன காரியங்களை உம்முடைய சமுகத்திலே நினைவுகூருகிறோம்."

மறந்துபோன காரியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெட்டி, பெட்டி ஏற்றுகிறவர், பெட்ரோல், விமானி. சாரின் ஜெபத்தை இத்தனை வருஷமாகக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் பூகோளம் அவருக்குக் கைவரவில்லை. அரபிக்கடலுக்குப் பிறகு சைனாவுக்குப் போய்விட்டார். சாரின் உதடு துடித்தது. திருத்தாமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வாசலில் ராஜகோபால் ஒருமுறை ஹாரன் அடித்தார். "இந்நேரத்திலே எங்கள் சிந்தையைக் கலைக்கிற சத்தங்களையும் அடக்கியருளும்," என்றார் அசரியா. மறுபடி ஹாரன் கேட்டது. இன்சூரன்ஸ்காரர் என்பதால் விபத்துகளை வகைவாரியாகச் சொல்லி ஒவ்வொன்றிலிருந்தும் காப்பாற்றக் கேட்டார். பறவை மோதுவது வரைக்கும் வந்தது. கனடாவில் பனியில் வழுக்கி விழுவதும் விடுபடவில்லை.

ஷெர்வின் பாதியிலேயே ஷூவைப் போட்டு லேஸ் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணை மூடியபடிதான் கட்டினான்.

ஆமென் வந்ததும் காருக்கு ஓடினோம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நானும் ஷெர்வினும் பின்னால், சார் முன்னால்.

"இன்னா சார், உள்ள பூரா மீட்டிங்கே நடந்துச்சா?" என்றார் ராஜகோபால். "நம்ம வூட்ல ஒரு தேங்கா ஒடைப்போம், அஞ்சு செகண்ட்ல சாமிக்கு மேட்டர் போய்டும்."

"நீ ரோட்டப் பாரு ராஜகோபால்."

"ரோடு எங்க சார் கீது? வண்டிதான கீது."

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் மேல் வண்டிகளாக நின்றன. சானடோரியம் தாண்டவே யுகமானது. குரோம்பேட்டையில் கார் அசையாமல் நின்றபோது, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு மின்சார ரயில் எங்களை அலட்சியமாகக் கடந்து போனது.

"சார், நான் சொல்றத கேளுங்க," என்றார் ராஜகோபால். "தம்பிய இங்கயே எறக்கி ட்ரெயின்ல அனுப்பிடுங்க. பல்லாவரம் வுட்டா திரிசூலம். எதிர்லயே ஏர்போர்ட்டு. பெட்டி ஒண்ண நான் தூக்கறேன்."

ஷெர்வின் கதவைத் திறந்தேவிட்டான். "போலாம்ப்பா."

சார் திரும்பிப் பார்த்தார். "கனடா போறவன் எலெக்ட்ரிக் ட்ரெயின்லயா? அதுவும் பெட்டியத் தூக்கிக்கிட்டு? யாராவது பாத்தா என்னடா நினைப்பாங்க?"

"யாருப்பா பாக்கப் போறாங்க?"

"சபை ஆளுங்க பாதிப் பேர் அந்த ட்ரெயின்லதான்டா போறாங்க."

அதற்குள் முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. வண்டி கிளம்பிவிட்டது என்ற நம்பிக்கையில் ஷெர்வின் கதவைச் சாத்தினான். அடுத்த சிக்னலில் மறுபடி நின்றோம். நான் என் நகத்தைக் கடித்து முடித்திருந்தேன். டிக்கெட் என்னுடையது இல்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பல்லாவரத்தில் ரயில் நிலையத்தைக் கடக்கும்போது சார், "இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றார். ரயில் ஓடும் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஏர்போர்ட்டின் மேம்பாலத்தில் கார்கள் மூன்று வரிசையாக நின்று, நான்காவது வரிசை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன. ஷெர்வின் கார் நிற்பதற்கு முன்பே இறங்கி, ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தான். மற்றதை நான் இழுத்தேன். வாசல் வரிசை உண்மையிலேயே இருந்தது. தூண்களைச் சுற்றி வளைந்து போனது. "அண்ணா, ஃபிளைட் போய்டும்ணா, கொஞ்சம் விடுங்க," என்று அவன் கெஞ்ச, முன்னால் நின்றவர், "எங்களுக்கு மட்டும் பஸ்ஸா?" என்றார். ஆனாலும் விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவும் விட்டார். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, கையை உள்ளே காட்டினார். ஷெர்வின் என்னிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப நேரம் இல்லை என்றுதான் நான் சாரிடம் சொன்னேன்.

கண்ணாடிச் சுவருக்கு அருகில் போய் நின்றோம். உள்ளே தலைகள்தான் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் சாரின் போனில் ஒரு செய்தி வந்தது. பெட்டி போட்டாச்சு. அவர் அதை எனக்குக் காட்டினார். பிறகு இன்னொன்று. எமிகிரேஷன் லைன் ரொம்பப் பெருசு. கூப்பிடாதீங்க. அதையும் காட்டினார், கடைசி வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு.

அப்போது தள்ளுவண்டியோடு ஒரு குடும்பம் வேகமாக வந்தது. அந்தப் பெண் சாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் பெருங்களத்தூர்ப் பக்கத்துச் சபையாம். "சார், நீங்களா! ஆண்டவரே அனுப்பின மாதிரி இருக்கு. நாங்க மஸ்கட் போறோம். ஒரு வார்த்தை ஜெபிங்க சார்." கணவனும் பிள்ளைகளும் அங்கேயே, நடைபாதையின் நடுவில் கண்ணை மூடிவிட்டார்கள். பின்னால் வந்த வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன.

சார் பிள்ளைகளில் சின்னவளின் தலையில் கை வைத்தார்.

"நல்லபடியா போய்ச் சேருங்கம்மா. ஆமென். ஓடுங்க."

அவர்கள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆமென்னு சொல்லிட்டேன்ல? ஓடுங்கம்மா!" என்று சத்தம் போட்டார். காவலரே திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் கொஞ்சம் முகம் வாடித்தான் போனாள். இவ்வளவு தூரம் கேள்விப்பட்டது இதைத்தானா என்று நினைத்திருப்பாள்.

ராஜகோபால் பார்க்கிங் கட்டடத்தில் காரை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். விமானம் கிளம்ப வேண்டிய நேரம் கடந்துவிட்டது. விமான நேரங்களைக் காட்டும் பலகையில் அந்த விமானத்தின் வரி காணாமல் போய், கீழே இருந்தவை எல்லாம் ஒருபடி மேலே ஏறியிருந்தன. ஷெர்வினிடமிருந்து வேறு செய்தி வரவில்லை. கூப்பிடாதீங்க என்றுதான் சொல்லியிருந்தான். ஆனால் நேரம் கடந்த பிறகு கூப்பிடலாம் என்று சார் முடிவு செய்தார்.

"ஸ்விட்ச் ஆஃப்னு வரணும்," என்றார் என்னிடம். "ஸ்விட்ச் ஆஃப்னு வந்தா ஏறிட்டான்னு அர்த்தம். என்னம்மா?"

"ஆமா சார்."

எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் மூவருக்கும் நடுவில் பிடித்தார்.

மணி அடித்தது.

சார் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சரியான எண்தானா என்று பார்த்தார். சரியான எண்தான். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அடித்தது.

"பைல போட்ருப்பான் சார். பசங்க எவன் சுவிட்ச் ஆஃப் பண்றான் இப்பல்லாம்?" என்றார் ராஜகோபால்.

"இல்லாட்டி இன்னும் லைன்ல நிக்கலாம். ஃபிளைட் லேட்டாக்கூட இருக்கலாம்," என்றேன் நான். இரண்டையும் நான் நம்பவில்லை. மூன்றாவதைச் சொல்லவில்லை.

"லேட்டா இருந்தா நல்லது," என்றார் சார். பிறகு, "பறவை ஏதாவது மோதி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஓடுபாதைப் பக்கத்திலிருந்து இரைச்சல் எழுந்தது. ஒரு விமானம் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஏறி, பழவந்தாங்கல் பக்கமாகத் திரும்பியது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். வெயிலில் கண் கூசியது. வாலில் இருந்த சின்னம் தெரியவில்லை. சார் மூன்றாவது தடவையாக எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டிருக்கும்போதே திரையின் மேற்பகுதியில் மெட்டில்டா ஆன்ட்டியின் பெயர் மின்னத் தொடங்கியது. வீட்டிலிருந்து அவர் கூப்பிடுகிறார். அசரியாவும் அங்கேதான் இன்னும் உட்கார்ந்திருப்பார். சார் அதை எடுக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. இந்தப் பக்கம் ஷெர்வினின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.